பம்ப் உங்கட பையில இருக்கட்டும்

ரியூசன் முடிஞ்சு வரேக்க சைக்கிளுக்குக் காத்துப் போனால் என்ன செய்வீங்கள்? எங்கட வயதுக்காரரிட்டக் கேட்டால் வாற முதல் பதில், "கடைக்கு உருட்டிக்கொண்டு போவன்." கடை பூட்டியிருந்தால்? "அண்ணாக்குக் கோல் எடுப்பன்." அண்ணா வேலையில நிண்டால்? "அப்பா வருவார்." இந்தப் பதில்களில ஒண்டிலகூட "நானே காத்தடிப்பன்" என்ற சொல் வாறதில்லை.

சைக்கிள் ஓடத் தெரியும், செயின் கழண்டால் மாட்டத் தெரியும், பிறேக் இறுக்கத் தெரியும். ஆனால் சைக்கிளை ஓட வைக்கிற காத்து மட்டும் எப்பவும் வேறொரு ஆளின்ர கையில இருக்கிறது. இது மாறவேணும் என்பதுதான் இந்தக் கட்டுரை. சைக்கிள் ஓடுற எல்லாரும், முக்கியமாகப் பெண்பிள்ளைகள், பைக்குள்ள போகிற அளவில ஒரு சின்னப் பம்ப்பைச் சொந்தமாக வைத்திருக்கவேணும். அதுவும் சரியான பம்ப்பாக இருக்கவேணும். கடையில கண்ணாடிக்குள்ள மினுங்குற எல்லாமும் சரியான பம்ப் இல்லை.

முன்னம் சைக்கிளோடயே வந்த சாமான்

வீட்டில பழைய ராலியோ ஹம்பரோ இருந்தால் ஒருக்கால் போய்ப் பாருங்கோ. சீற்றுக்குக் கீழ போற குழாயிலயோ முன்பக்கச் சாய்வுக் குழாயிலயோ இரண்டு சின்ன இரும்பு முளைகள் ஒட்டியிருக்கும். எங்களில பலருக்கு அது என்னத்துக்கு என்று தெரியாது. அது பம்ப் கொழுவிற இடம். ஒரு முழத்துக்குக் கிட்டின நீளத்தில மெல்லிய பம்ப் ஒன்று அந்த இரண்டு முளைக்கும் நடுவில இறுக்கமாக நிக்கும். அந்தச் சைக்கிளைச் செய்தவர்கள் ஓடுறவரைப் பற்றி ஒரு விசயத்தை நம்பியிருந்தார்கள்: இவர் தூரம் போவார், வழியில காத்துப் போகும், இவரே அடிச்சுக்கொண்டு திரும்பி வருவார்.

இப்ப வாற சைக்கிள்களில அந்த முளை இல்லை. புதுச் சைக்கிள் வாங்கேக்க பெல் கேக்கிறம், பூட்டுக் கேக்கிறம், கூடை கேக்கிறம், ஸ்ராண்ட் கேக்கிறம். பம்ப் கேக்கிறேல்லை. கடைக்காரரும் தாறேல்லை. சந்திக்குச் சந்தி சைக்கிள் கடை இருந்த காலத்தில இது பெரிய பிரச்சினையாகத் தெரிஞ்சிருக்காது. இப்ப அந்தக் கடைகளில பல மோட்டச்சைக்கிள் திருத்துற இடங்களாக மாறியிட்டுது. முளையும் போட்டுது, கடையும் போகுது. ஓடுற எங்கட பழக்கம் மட்டும் மாறேல்லை.

சைக்கிளின்ர பெறுமதி எங்கட ஆக்களுக்குத் தெரியாததில்லை. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை இருந்த காலத்தில குடாநாட்டைச் சுமந்தது சைக்கிள்தான். பற்றரி இல்லாத நாட்களில சைக்கிளை நிப்பாட்டி, பெடலைச் சுத்தி, டைனமோவில ரேடியோவுக்குச் செய்தி கேட்ட கதையை வீட்டுப் பெரியாக்கள் இப்பவும் சொல்லுவினம். 2022 இல பெற்றோல் வரிசையில நிண்டது எங்களுக்கே ஞாபகம். அந்த யூன் மாதக் கடைசியில அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு ஒருத்தருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் சொன்னபோது, தாழ்வாரத்தில தூசி படிஞ்சு கிடந்த சைக்கிளெல்லாம் றோட்டுக்கு வந்தது. கியூஆர் வந்து வரிசை குறைய, அதில பாதி திரும்பத் தாழ்வாரத்துக்குப் போட்டுது. நெருக்கடி வந்தால் மட்டும் சைக்கிளை நினைக்கிற ஊருக்குப் பம்ப் வாங்க ஞாபகம் வராதுதான்.

ஆர் உருட்டிக்கொண்டு போறது?

காத்துப் போறது எல்லாருக்கும் பொது. ஆனால் காத்துப் போன சைக்கிளோட நிக்கிறது எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை.

மார்கழி மாசத்தில ஆறு மணிக்கே இருட்டிப் போடும். ஐந்தரைக்கு ரியூசன் விட்டு வாற ஒரு பெடியனுக்குச் சில்லு காத்துப் போனால் அது ஒரு தொல்லை. அதே ஒழுங்கையில அதே நேரத்தில ஒரு பெட்டைக்குக் காத்துப் போனால் அது வேற கதை. முதலில பயம். பிறகு மோட்டச்சைக்கிளில வாற ஒருத்தர் மெதுவாக்கி, "என்ன தங்கச்சி, காத்துப் போட்டுதோ?" என்று கேப்பார். நல்ல மனசோட கேக்கிற ஆளாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதை அந்த இடத்தில நிண்டு கணிக்க வேண்டிய வேலை அவளுக்கு. வீட்டுக்குப் போனால் அங்கயும் கேள்வி: ஏன் இவ்வளவு நேரம்? அடுத்த நாள் தீர்ப்பும் வரும்: "இனி அந்த வகுப்பு வேண்டாம்", அல்லது "இனி அப்பாவோட போ."

ஒரு ரியூபில ஊசி முனை அளவு ஓட்டை. அதின்ர விலையாக ஒரு பிள்ளையின்ர வகுப்பு, அவளின்ர பின்னேரம், அவள் தனியப் போய் வாற சுதந்திரம். இந்தக் கணக்கு எனக்கு ஒருநாளும் சரியாகப் பட்டதில்லை.

இதுக்கு வீடுகள் கண்டுபிடிக்கிற பதில் பெரும்பாலும் ஸ்கூட்டிதான். வசதி இருக்கிற வீட்டுக்கு அது சரி. இல்லாத வீட்டுப் பிள்ளை? விடியப் பெட்டியில மீன் கட்டிக்கொண்டு ஊருக்குள்ள போறவருக்கும், கூலி வேலைக்கு ஏழு எட்டு மைல் ஓடுற ஆளுக்கும் சைக்கிளை விட்டால் வேற வாகனம் இல்லை. காத்துப் போனால் அண்டைய வருமானத்தில ஒரு பங்கு போட்டுது.

பம்ப் இருந்தால் எல்லாப் பிரச்சினையும் தீரும் என்று நான் சொல்ல வரேல்லை. ஒழுங்கைக்கு லைற் போட வேண்டியது பிரதேச சபை. தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னால வாறவர் திருந்த வேண்டியது அவரின்ர வேலை. ஆனால் உதவி கேக்கிறதோ விடுறதோ என்று முடிவெடுக்கிற இடத்தில நீங்கள் நிக்கவேணும். பையில பம்ப் இருக்கிற ஆள்தான் "வேண்டாம் அண்ணா, நான் பாக்கிறன்" என்று சொல்லலாம்.

முதல் வால்வைப் பாருங்கோ

இனி வாங்குற கதைக்கு வருவம். பம்ப் வாங்கப் போக முதல் உங்கட சில்லின்ர வால்வைக் குனிஞ்சு பாருங்கோ. மூன்று வகை இருக்கிறது.

முதலாவது, எங்கட சாதாரணச் சைக்கிள்களில இருக்கிற பழைய வால்வு. டன்லொப் வால்வு என்று சொல்லுவினம். நெட்டைக் கழட்டினால் உள்ளுக்கு ஒரு சின்ன முளையும், அதின்ர மேல போட்ட மெல்லிய ரப்பர்க் குழாயும் வரும். அந்த ரப்பர்தான் காத்தை உள்ளுக்கு விட்டு வெளியில விடாமல் பிடிக்கிறது. இரண்டாவது, மலைச் சைக்கிள் மாதிரி மொத்த ரயர் போட்டதுகளில வாற தடிச்ச வால்வு. காரிலயும் மோட்டச்சைக்கிளிலயும் இருக்கிறது இதுதான். இதின்ர பேர் ஷ்ரேடர். மூன்றாவது, மெல்லிய ரயர் போட்ட ரேசிங் சைக்கிள்களில வாற மெலிஞ்ச நீட்டு வால்வு, பிரெஸ்ரா. இதுக்கு நுனியில ஒரு குட்டி நெட் இருக்கும். அதைத் தளர்த்தினால்தான் காத்துப் போகும்.

கடையில விக்கிற சின்னப் பம்ப்புகளில பலதில "இரண்டு வால்வுக்கும் சரி" என்று போட்டிருக்கும். அந்த இரண்டு, ஷ்ரேடரும் பிரெஸ்ராவும். எங்கட ஊரில அதிகமாக ஓடுற மூன்றாவது வகை அந்தப் பெட்டியில எழுதியிருக்காது. பயப்பிட வேண்டாம். டன்லொப் வால்வின்ர மேல் நுனி பிரெஸ்ரா அளவுக்குக் கிட்ட இருக்கிறதால பிரெஸ்ராவுக்கு அடிக்கிற வாய் இதுக்கும் பெரும்பாலும் பிடிக்கும். ஆனால் சைக்கிளைக் கடைக்குக் கொண்டுபோய், பூட்டி, அடிச்சுப் பாத்துத்தான் வாங்கவேணும். பித்தளையில வாற குட்டி அடப்ரரும் இருக்கிறது. அதை வால்வு மூடி மாதிரி ஒரு சில்லிலயே பூட்டி வைச்சால் துலையாது.

பழைய வால்வு வைச்சிருக்கிறவைக்கு ஒரு சொல்லு: பலநேரம் காத்துப் போறது முள்ளால இல்லை, அந்த மெல்லிய ரப்பர் உக்கிறதால. ஒரு துண்டு ரப்பரை பம்ப்போட சுத்தி வைச்சிருங்கோ. ஒட்டுப் போட வேண்டிய தேவையே இல்லாமல் ஐந்து நிமிசத்தில வீட்டுக்கு வெளிக்கிடலாம்.

பாரத்தை விட்டிட்டு விட்டத்தைப் பாருங்கோ

சின்னப் பம்ப்பை விக்கிறவை எப்பவும் சொல்லுறது இரண்டு விசயம்: எவ்வளவு பாரம் குறைவு, எவ்வளவு கூட அழுத்தத்துக்கு அடிக்கும். எங்கட தேவைக்கு இரண்டுமே பெரிசில்லை. நூறு கிராமோ இருநூறு கிராமோ, அரை லீற்றர் தண்ணிப் போத்தலைவிடப் பாரம் குறைவுதான். பெட்டியில 120 பி.எஸ்.ஐ என்று போட்டிருந்தால் அது ரேசிங் ரயருக்கு. எங்கட சாதாரண 28 அங்குலச் சில்லுக்கு 45க்குக் கிட்ட இருந்தாலே காணும். உங்கட ரயரின்ர பக்கத்தில எவ்வளவு அடிக்கவேணும் என்று அச்சடிச்சிருக்கும், அதைப் பாருங்கோ. பி.எஸ்.ஐ என்றால் ஒரு சதுர அங்குலத்தில எத்தினை இறாத்தல் அழுத்தம் என்ற கணக்கு.

பாக்க வேண்டியது குழாயின்ர தடிப்பு. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாப்பம். சாதாரண 28 அங்குல ரியூபுக்குள்ள இரண்டரை லீற்றருக்குச் சற்றுக் கூடின இடம் இருக்கிறது. அதை 45க்குக் கொண்டுவர எட்டு லீற்றரளவு காத்தை உள்ளுக்கு அமுக்கவேணும். உள்விட்டம் 20 மில்லிமீற்றர், தள்ளுற நீளம் 15 சென்ரிமீற்றர் உள்ள மெல்லிய பம்ப் ஒருக்கால் தள்ள 47 மில்லிலீற்றர் காத்துத்தான் போடும். அப்ப எத்தினை தரம் அடிக்கவேணும்? ஏறக்குறைய 175 தரம். அதே நீளத்தில உள்விட்டம் 28 மில்லிமீற்றராக இருந்தால் ஒரு தரத்துக்கு 92 மில்லிலீற்றர். தொண்ணூறு தரத்தில வேலை முடியும். எட்டு மில்லிமீற்றர் வித்தியாசம், வேலை பாதி.

தடிச்ச பம்ப்புக்கு ஒரு குறையும் இருக்கிறது. அழுத்தம் ஏற ஏறத் தள்ளக் கஷ்டம். 45 இல நிக்கேக்க 20 மில்லிமீற்றர்ப் பம்ப்பைத் தள்ளப் பத்துக் கிலோப் பலம் வேணும். 28 மில்லிமீற்றருக்குக் கிட்டத்தட்ட இருபது கிலோ. ரேசிங் ரயரை 80 வரை கொண்டுபோறதென்றால் தடிச்ச பம்ப்புக்கு 35 கிலோ வேணும், கை தாங்காது. அதனால மெல்லிய ரயர்க்காரருக்கு மெல்லிய பம்ப், மொத்த ரயர்க்காரருக்கும் சாதாரணச் சைக்கிள்காரருக்கும் தடிச்ச பம்ப். மற்றவன் என்ன வைச்சிருக்கிறான் என்று பாத்து வாங்கினால் இதுதான் பிழைக்கும்.

"என்ர கையில அவ்வளவு பலமில்லை" என்று சொல்லுறவைக்கு இன்னொரு வகை இருக்கிறது. என்னைக் கேட்டால் பள்ளிக்கூடம், ரியூசன், வேலை என்று ஓடுற எங்களுக்கு அதுதான் முதல் தெரிவு. ஒரு அடிமட்ட நீளத்தில வாற பம்ப், கீழ மடிச்சு வைக்கிற ஒரு கால்மிதி, ஒரு துண்டு ரப்பர்க் குழாய். நிலத்தில ஊன்றி, மிதியைக் காலால அமத்திப் பிடிச்சு, குனிஞ்சு இரண்டு கையாலயும் தள்ளவேணும். அப்ப வேலை செய்யிறது கை இல்லை, உடம்பின்ர பாரம். நாப்பத்தைந்து கிலோ இருக்கிற ஒரு பிள்ளைக்கு இருபது கிலோவைக் கீழ அமத்துறது பெரிய காரியமில்லை.

ரப்பர்க் குழாய் இருக்கிற பம்ப்பையே வாங்குங்கோ என்று நான் அழுத்திச் சொல்லுறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. குழாயில்லாமல் வாயை நேர வால்வில பூட்டுற பம்ப்பில, ஒவ்வொரு தள்ளுக்கும் கை ஆட வால்வும் சேர்ந்து ஆடும். நூறு தரம் ஆடினால் வால்வு ரியூபோட ஒட்டியிருக்கிற அடி கிழியும். அந்த இடத்தில ஒட்டும் போட ஏலாது, ரியூப் முழுக்கப் போச்சு. குழாய் இருந்தால் ஆட்டம் குழாயோட நிக்கும்.

கடையில நிண்டே ஒரு சோதனை செய்யலாம். கைபிடியை இழுத்து, காத்து வாற வாயைப் பெருவிரலால இறுக்கப் பொத்தி, தள்ளுங்கோ. கைபிடி பந்து மாதிரித் திருப்பித் தள்ளினால் நல்ல பம்ப். மெல்ல மெல்லக் கீழ இறங்கினால் உள்ளுக்கு எங்கயோ ஒழுகுது. வைச்சிட்டு அடுத்ததை எடுங்கோ. குழாயின்ர தலை திருகிக் கழட்டக் கூடியதோ என்றும் பாருங்கோ. உள்ளுக்கு இருக்கிற ரப்பர் வளையம் காய்ஞ்சால் ஒரு சொட்டு சிலிக்கன் கிறீஸ் பூசி உயிர் குடுக்கலாம். திறக்க ஏலாத பம்ப் பழுதானால் குப்பைக்குத்தான்.

காஸ் குண்டும் பற்றரிப் பம்ப்பும்

இப்ப வேற இரண்டு சாமானும் வருகுது. ஒன்று, கட்டைவிரல் அளவு இரும்புக் குண்டுக்குள்ள அடைச்ச காபனீரொட்சைட்டு. திருகின உடன ஒரு சில செக்கனில சில்லு நிறையும். பந்தயம் ஓடுறவைக்கு நல்லது. எங்களுக்கு? ஒரு குண்டு ஒருக்கால்தான். முடிஞ்சால் திரும்ப வாங்கவேணும், அதுவும் ஊரில லேசில கிடைக்காது. அந்த வாயு சாதாரணக் காத்தைவிட வேகமாக ரப்பருக்குள்ளால கசியும், அடுத்த நாள் விடியச் சில்லு தளர்ந்துபோய் இருக்கும்.

மற்றது சின்னப் பற்றரிப் பம்ப். போனுக்கு மாதிரிச் சார்ஜ் போட்டு வைச்சால் அதுவே அடிக்கும். இதை நான் குறை சொல்ல மாட்டன், கை ஏலாத ஒருவருக்கு இது பெரிய உதவி. ஆனால் இரண்டு மாதம் பையில கிடந்திட்டுத் தேவைப்படுற அந்த ஒரு நாளில சார்ஜ் இல்லாமல் இருக்கிற குணம் எல்லாப் பற்றரிச் சாமானுக்கும் இருக்கு. கையால அடிக்கிற பம்ப்புக்குத் தேவையானது நீங்கள் மட்டும்தான்.

எங்க வைக்கிறது?

தண்ணிப் போத்தல் பூட்டுற திருகாணி இருக்கிற சைக்கிள் என்றால், பம்ப்போட வாற பிளாஸ்ரிக் பிடியை அந்தத் திருகாணியிலயே போத்தலுக்குப் பக்கத்தில பூட்டலாம். எங்கட பெரும்பாலான சைக்கிளில அந்தத் துளை இல்லை. பழைய ரியூபை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி பாரோட சுத்திக் கட்டினால் குன்றுங்குழியிலயும் அசையாது, சத்தமும் வராது. கடற்கரைப் பக்கம் ஓடுறவை பம்ப்பின்ர வாயை ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பையால மூடிக் கட்டுங்கோ. மணலும் உப்புக் காத்தும் உள்ள போனால் வளையம் அரைபட்டுப் போகும்.

ஆனால் ரியூசன் வாசலில, கோயிலடியில, பஸ் ஸ்ராண்டில நூறு சைக்கிளுக்கு நடுவில விட்டிட்டுப் போறவை சைக்கிளில கட்டி வைக்காதேங்கோ. பின்னேரம் வரேக்க ரியூப் துண்டு மட்டும் தொங்கும். பம்ப் பையில இருக்கவேணும். எந்தப் பை என்று யோசியுங்கோ: நீங்கள் ஒவ்வொரு நாளும் கொண்டுபோற பை. "தூரப் போகேக்க எடுப்பம்" என்று அலுமாரியில வைச்ச பம்ப், கிட்டப் போகேக்கதான் தேவைப்படும்.

தூரம் என்று சொல்லேக்க, வேலணையிலயிருந்து புங்குடுதீவுக்குப் போற தாம்போதியை நினைச்சுப் பாருங்கோ. இரண்டு பக்கமும் கடல், நடுவில றோட்டு, ஒதுங்கி நிக்க ஒரு மரமில்லை. குறிகட்டுவானில வள்ளம் பிடிச்சு நயினாதீவுக்குப் போகவென்று சிநேகிதர் சேர்ந்து சைக்கிளில வெளிக்கிடுறதை நான் காணுறனான். அந்த வெயிலில, எதிர்க்காத்தில, காத்துப் போன சைக்கிளை உருட்டுறது சின்ன விசயமில்லை. நாலு பேர் போனால் ஆளுக்கொரு பம்ப் தேவையில்லை, இரண்டு காணும். ஆனால் நாலு சைக்கிளின்ர வால்வுக்கும் அது பிடிக்குமோ என்று வெளிக்கிட முதல் பாக்கவேணும்.

பம்ப் மட்டும் காணுமோ?

மெல்லக் காத்துப் போற ஓட்டையென்றால் காணும். நிறைய அடிச்சிட்டு ஓடி, குறைய இறங்கித் திரும்ப அடிச்சு, வீடு வந்து சேரலாம். பெரிய ஓட்டையென்றால் ஒட்டுச் சாமானும் வேணும்: ஒரு துண்டு உரத்தாள், சொலூசன், ஒட்டு ரப்பர், ரயர் கழட்டுற இரண்டு பிளாஸ்ரிக் நெம்பு. சில்லைக் கழட்டத் தேவையில்லை. ரயரின்ர ஒரு பக்கத்தை வெளியில எடுத்து, ரியூபை இழுத்து, ஒட்டிப்போட்டுத் திரும்பத் தள்ளலாம். கடையில ஐயாமார் செய்யிறதும் அதுதானே. ஒட்ட முதல் ரயரின்ர உள்பக்கத்தை விரலால மெல்லத் தடவிப் பாருங்கோ. முட்கிளுவை வேலி வெட்டுற நாட்களில ஒழுங்கை முழுக்க முள்ளுத்தான். அதை எடுக்காமல் ஒட்டினால் அடுத்த சந்தியில திரும்ப ஒட்டவேணும்.

இன்னொரு நன்மையும் பம்ப்பில இருக்கு. ஓட்டை இல்லாட்டியும் ரியூப் கிழமைக்குக் கிழமை கொஞ்சம் காத்தை விடும். தளர்ந்த சில்லோட குழியில விழுந்தால் றிம்முக்கும் கல்லுக்கும் நடுவில ரியூப் நசிஞ்சு பக்கத்தில பக்கத்தில இரண்டு ஓட்டை விழும். "இந்தச் சைக்கிள் ஏன் இப்பிடிப் பாரமாக் கிடக்கு" என்று அலுக்கிற பலபேரின்ர சைக்கிளில பாரமில்லை, காத்தில்லை. கையில பம்ப் இருக்கிற ஆள் கிழமைக்கு ஒருக்கால் அடிப்பார். அடிச்சால் பாதி பஞ்சர் வராமலே போகும்.

"கடைக்காரர் பாவம் இல்லையோ?"

இதைக் கேக்கிறவையும் இருக்கினம். பம்ப் எல்லாரிட்டயும் இருந்தால் சைக்கிள் கடைக்காரரின்ர பிழைப்பு என்னாகும்? எனக்கு மறுவளமாகத்தான் தெரியுது. சைக்கிள் கடை சாகிறது நாங்கள் காத்தடிக்கிறதால இல்லை, நாங்கள் சைக்கிளை விட்டிட்டுப் போறதால. வழியில நிக்க வேண்டிவரும் என்ற பயம் இல்லாட்டி கன பேர் சைக்கிளோடயே இருப்பினம். அவைக்குச் செயின் வேணும், ரயர் வேணும், பெயாறிங் மாத்தவேணும். அந்த வேலையெல்லாம் கடைக்குத்தான் போகும்.

மற்றக் கேள்வி காசு. ஒரு பம்ப்பின்ர விலை எல்லா வீட்டுக்கும் லேசில்லை என்று தெரியும். அதுக்கு இரண்டு யோசினை சொல்லுறன். ஒன்று, ஒரே பாதையால வீட்டுக்குப் போற மூன்று நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம், கிழமைக்கு ஒராளின்ர பையில இருக்கட்டும். இரண்டு, ரியூசன் கொட்டிலிலயும் வாசிகசாலையிலயும் சனசமூக நிலையத்திலயும் நிலத்தில வைச்சு அடிக்கிற ஒரு பெரிய பம்ப் கிடக்கவேணும். பத்திரிகை கிடக்கிற மாதிரி, கரம் போட் கிடக்கிற மாதிரி. நூறு பிள்ளையள் சைக்கிளில வாற இடத்தில ஒரு பம்ப் இல்லை என்றது காசில்லாததால இல்லை, ஒருத்தரும் கேக்காததால. பழைய மாணவர் சங்கங்கள் வாசலுக்கு வளைவு கட்டிக் குடுக்கிற காலத்தில ஒரு பம்ப் கேக்கிறது பெரிய கேள்வி இல்லை.

வாங்கின பம்ப்பை உறையோட பைக்குள்ள போட்டிடாதேங்கோ. வாற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் முற்றத்தில சைக்கிளை நிப்பாட்டி, முன்சில்லின்ர காத்தை முழுக்கத் திறந்து விடுங்கோ. பிறகு அந்தப் பம்ப்பாலயே நிரப்புங்கோ. வாய் எப்பிடிப் பூட்டுறது, எந்தப் பக்கம் ஒழுகுது, எத்தினை தரம் தள்ளவேணும், எப்ப கை நோகத் தொடங்குது, எல்லாத்தையும் வெளிச்சத்தில, வீட்டு வாசலில, ஒருத்தரும் பாத்துக்கொண்டு நிக்காத நேரத்தில பழகுங்கோ. தங்கச்சி நிண்டால் அவளையும் கூப்பிட்டு மிச்சத்தை அடிக்கக் குடுங்கோ.